முத்திரையிட மறுத்த கரம்

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளியின் வாசலில் நிற்கும் ஆலிம்களிடம் நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், நான் வேலை பார்க்கும் இடத்தில் இன்ன காரியத்தைச் செய்யச் சொல்கிறார்கள். செய்தால் மார்க்கம் தடுக்கிறது. மறுத்தால் சோற்றுக்கு வழி அடைபடுகிறது. நான் என்ன செய்வது?" கேட்பவர்களில் கணக்கு எழுதுபவர் இருப்பார், கடையில் பில் போடுபவர் இருப்பார், வளைகுடா நாட்டு உணவகத்தில் பரிமாறுபவரும் இருப்பார். ஒவ்வொருவருக்கும் உரிய ஃபத்வாவை அவரவர் நிலையை விசாரித்தறிந்து முஃப்திகள்தாம் சொல்ல வேண்டும். ஆகவே அந்த வாசலில் நாம் நுழையப் போவதில்லை. இதே கேள்வியை நமக்கு முன் சென்ற பெருமக்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்ற வரலாற்றை மட்டும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அவ்வரலாறு நாம் மேலோட்டமாக நினைத்திருப்பதைவிடச் சற்றுச் சிக்கலானது.

நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. அண்ணலார் ஒரு படைப்பிரிவை அனுப்பி, அன்சாரித் தோழர் ஒருவரை அதற்குத் தளபதியாக்கி, அவருக்குக் கட்டுப்படுமாறு வீரர்களுக்குக் கட்டளையிட்டார்கள். வழியில் ஏதோ ஒரு காரணத்தால் தளபதிக்குக் கோபம் வந்துவிட்டது. விறகு சேர்க்கச் சொன்னார், சேர்த்தார்கள். தீ மூட்டச் சொன்னார், மூட்டினார்கள். அதற்குள் நுழையுங்கள் என்றார். வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நரக நெருப்பிலிருந்து தப்பிக்கத்தானே நபியவர்களிடம் ஓடி வந்தோம் என்று தயங்கி நின்றார்கள். நெருப்பும் அணைந்தது, தளபதியின் கோபமும் தணிந்தது. செய்தி மதீனாவை எட்டியபோது, அவர்கள் அதில் நுழைந்திருந்தால் ஒருபோதும் வெளியேறியிருக்க மாட்டார்கள் என்றும், கட்டுப்படுதல் என்பது நன்மையான காரியத்தில்தான் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். விறகு பொறுக்கும் வேலையை அவர்கள் மறுக்கவில்லை. தீ மூட்டும் வேலையையும் மறுக்கவில்லை. மூன்றாவது கட்டளையில்தான் நின்றுவிட்டார்கள்.

இதைவிட நம் இளைஞர்களின் நிலைக்கு நெருக்கமானது கப்பாப் பின் அல்அரத் (ரலி) அவர்களின் வரலாறு. மக்காவில் அவர் கொல்லர். வாள் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். குறைஷித் தலைவர்களில் ஒருவனும் இஸ்லாத்தின் கடும் எதிரியுமான ஆஸ் பின் வாயிலுக்கு வேலை செய்து கொடுத்துவிட்டுக் கூலி கேட்கச் சென்றார். முஹம்மதை நிராகரித்தால்தான் உன் பணத்தைத் தருவேன் என்றான் அவன். நீ இறந்து மறுபடி எழுப்பப்படும்வரை அது நடக்காது என்றார் கப்பாப். அப்படியானால் நான் எழுப்பப்பட்ட பிறகு எனக்குச் செல்வமும் பிள்ளைகளும் கிடைக்குமல்லவா, அப்போது உன் கடனை அடைக்கிறேன் என்று அவன் எள்ளி நகையாடினான். மர்யம் அத்தியாயத்தின் 77 முதல் 80 வரையிலான வசனங்கள் இதையொட்டியே இறங்கின.

எதிரிக்கு வாள் அடித்துக் கொடுத்தாரே என்று கப்பாபை யாரும் கண்டிக்கவில்லை. சிலை வணங்குபவனிடம் வேலை பார்ப்பதும், அவன் கையால் கூலி வாங்குவதும் அவருக்குத் தடையாக இருக்கவில்லை. கேட்ட வேலையைக் குறையின்றி முடித்துக் கொடுத்திருந்தார். ஈமானை விலையாகக் கேட்ட அந்த ஓர் இடத்தில் மட்டும் அவர் கூலியையே விட்டுவிட்டார்.

இனி நாம் சொல்ல வந்த பெருமகனாரிடம் வருவோம். இமாமுல் அஃளம் அபூஹனீஃபா நுஃமான் பின் ஸாபித் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 80-ல், அதாவது கி.பி. 699-ல் கூஃபா நகரில் பிறந்தவர்கள். தமிழகத்தின் உள்நாட்டு ஊர்களில் ராவுத்தர் மக்களும் உர்தூ பேசும் முஸ்லிம்களும் பெரும்பாலும் தொழுவது அவர்களுடைய மத்ஹபின்படிதான். கடற்கரைப் பட்டினங்களில் ஷாஃபிஈ மத்ஹப் வேரூன்றியிருந்தாலும் இமாமின் பெயரைக் கேட்டறியாத மக்தப் பிள்ளை அங்கும் இருக்க முடியாது. ஆனால் அவர்கள் ஒரு துணி வியாபாரி என்பது எத்தனை பேருக்கு நினைவில் இருக்கிறது? கூஃபாவில் அம்ர் பின் ஹுரைஸ் (ரலி) அவர்களின் இல்லப் பகுதியில் அவர்களுடைய பட்டுத் துணிக்கடை பெயர் பெற்றதாக இருந்தது. பழுதுள்ள ஒரு துணியைக் குறையைச் சொல்லி விற்குமாறு பங்காளி ஹஃப்ஸிடம் சொல்லியிருந்தார்கள். அவர் மறதியாகச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்பதும் தெரியவில்லை. அந்தச் சரக்கு முழுவதற்கும் கிடைத்த பணத்தை இமாம் அவர்கள் தர்மமாகக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் கடையை நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்சியாளரின் பதவியை மறுத்த அந்த நாக்கு, ஆட்சியாளரின் உணவை உண்ணாத நாக்கு. மாணவர்களுக்கும் தம் லாபத்திலிருந்து உதவித்தொகை கொடுத்துவந்தார்கள். 'முடியாது' என்று சொல்லும் உரிமையை இமாம் அவர்கள் வருடக்கணக்கில் அந்தக் கடையில் உட்கார்ந்து சம்பாதித்தார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

உமையாக்களின் ஆட்சி ஆட்டங்கண்ட காலம். ஹிஜ்ரி 129-க்குப் பின் இராக்கின் ஆளுநராக வந்த யஸீத் பின் உமர் பின் ஹுபைரா, கலகங்கள் சூழ்ந்த நிலையில் மக்களின் நம்பிக்கையைப் பெற ஒரு வழி கண்டான். இராக்கின் ஃபுகஹாக்களை அழைத்து ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுத்தான். இப்னு அபீ லைலா, இப்னு ஷுப்ருமா போன்ற அறிஞர்களும் அவர்களில் இருந்தார்கள். அபூஹனீஃபாவுக்கு அவன் ஒதுக்கியது முத்திரை. அரசின் எந்த ஆணையும் அவர்கள் கையால் முத்திரையிடப்படாமல் வெளியேறக் கூடாது. கருவூலத்திலிருந்து எதுவும் அவர்களைக் கடந்து போகக் கூடாது. பார்வைக்கு இதைவிடப் பெரிய கௌரவம் இல்லை.

இமாம் மறுத்தார்கள். அடிப்பேன் என்று ஆளுநன் ஆணையிட்டுச் சொன்னான். சக அறிஞர்கள் ஓடி வந்து மன்றாடினார்கள்: நாங்கள் உங்கள் சகோதரர்கள், எங்களுக்கும் இது பிடிக்கவில்லை, வேறு வழியின்றி ஏற்றோம், உங்களை நீங்களே அழித்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். இமாமின் மறுமொழியை மனாகிப் நூல்கள் பாதுகாத்து வைத்துள்ளன. வாஸித் பள்ளிவாசலின் கதவுகளை எண்ணித் தருமாறு இவன் கேட்டாலும் நான் செய்ய மாட்டேன். ஒரு மனிதனின் கழுத்தை வெட்டச் சொல்லி இவன் எழுத, அதன்மேல் நான் முத்திரையிடுவதா என்பதே அதன் கருத்து.

சகோதரர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். வாளை ஏந்தப் போவது வேறொருவன். ஆணையை எழுதப் போவதும் வேறொருவன். இமாமிடம் கேட்கப்பட்டது முத்திரையை அழுத்துவது மட்டுமே. இன்றும் எத்தனை அலுவலகங்களில், 'நான் கையெழுத்து மட்டும்தானே போட்டேன்' என்ற சொல் ஒலிக்கிறது! அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள இமாம் மறுத்தார்கள்.

விளைவு கசையடி. நாளொன்றுக்குப் பத்து வீதம் நூற்றுப் பத்து அடிகள் என்று கதீப் பக்தாதியின் வரலாற்றில் வருகிறது. அடிகளைவிடத் தம் தாயாரின் துயரமே தமக்குக் கடினமாக இருந்ததாக இமாம் பின்னாளில் கூறினார்களாம். ஒரு நூற்றாண்டுக்குப் பின் குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற சோதனையில் தாமும் கசையடி பட்ட இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) அவர்கள், அபூஹனீஃபா பட்ட அடிகளை நினைத்து அழுவார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. மத்ஹபுகளின் பெயரால் நாம் போடும் சண்டைகளை அவ்விருவரும் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்!

விடுவிக்கப்பட்ட இமாம் ஹிஜ்ரி 130-ல் மக்காவுக்குச் சென்றுவிட்டார்கள். ஹிஜ்ரி 132-ல் ஆட்சி அப்பாஸிகளின் கைக்கு மாறியது. நபிகளாரின் குடும்பத்துக்கு நெருக்கமானவர்கள், நீதியை நிலைநாட்டுவார்கள் என்று மக்கள் நம்பினார்கள். நம்பிக்கை நீடிக்கவில்லை. ஹிஜ்ரி 148-ல் மவ்ஸில் மக்களின் விவகாரம் வந்தது. இனிக் கலகம் செய்தால் எங்கள் உயிர் உங்களுக்கு ஆகுமானது என்று அவர்கள் கலீஃபா மன்ஸூருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள், மறுபடியும் எழுந்தார்கள். அவர்களைக் கொல்லலாமா என்று மன்ஸூர் அறிஞர்களிடம் கேட்டார். மன்னித்தால் அது உங்கள் பெருந்தன்மை, தண்டித்தால் அது அவர்கள் செய்ததற்கான கூலி என்று சிலர் கூறினார்கள். அபூஹனீஃபா மட்டும், அவர்கள் தங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றை உங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள், நீங்களும் உங்களுக்கு உரிமையில்லாத ஒன்றை நிபந்தனையாக்கினீர்கள் என்றார்கள். மனிதன் தன் உயிரை ஒப்பந்தத்தில் விற்க முடியாது என்பது இதன் சாரம். மன்ஸூர் அவர்களை ஊருக்கு அனுப்பிவைத்து, உம் தலைவருக்கு இழுக்காகும் தீர்ப்புகளை மக்களிடம் சொல்லாதீர் என்று எச்சரித்தார்.

இப்படிப்பட்டவரை வெளியே விட்டுவைப்பதைவிட உள்ளே இழுத்துக்கொள்வதே நல்லது என்று மன்ஸூர் எண்ணியிருக்க வேண்டும். காஜிப் பதவியை ஏற்குமாறு நெருக்கினார். எனக்குத் தகுதியில்லை என்றார்கள் இமாம். பொய் சொல்கிறீர், உமக்குத் தகுதி உண்டு என்றார் கலீஃபா. நீங்களே தீர்ப்பளித்துவிட்டீர்கள், நான் பொய்யன் என்றால் பொய்யன் எப்படிக் காஜியாக முடியும், உண்மையாளன் என்றால் தகுதியில்லை என்று நான் சொன்னதும் உண்மைதானே என்றார்கள் இமாம். கலீஃபா சத்தியம் செய்தார். இமாமும் எதிர்ச் சத்தியம் செய்தார்கள். அமீருல் முஃமினீன் சத்தியம் செய்வதைப் பார்க்கவில்லையா என்று வாயிற்காப்பாளர் ரபீஃ அதட்டினார். சத்தியத்தை முறித்ததற்கான பரிகாரத்தைச் செலுத்தும் வசதி என்னைவிட அவருக்குத்தானே அதிகம் என்று பதில் வந்தது.

இந்த உரையாடலை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதிகம் சொல்லப்படாத செய்தி ஒன்று தபரியின் வரலாற்றில் இருக்கிறது. ஹிஜ்ரி 145-ல் பக்தாத் நகரம் எழும்பிக்கொண்டிருந்த நேரம். தமக்காக ஏதேனும் ஒரு வேலையை அபூஹனீஃபா செய்தே ஆக வேண்டும் என்று மன்ஸூர் சத்தியம் செய்திருந்தார். நீதிபதி ஆசனத்தை மறுத்த இமாம், நகரின் மதில் வேலைக்கு வந்து குவியும் செங்கற்களை எண்ணும் பணியை ஏற்றார்கள். ஒவ்வொன்றாக எண்ணாமல் அடுக்கி வைத்து நாணல் கோலால் அளந்து கணக்கிட்டார்கள் என்றும், அம்முறையை முதலில் கையாண்டவர் அவர்களே என்றும் தபரி எழுதுகிறார்.

ஆண்டு வரிசையை நுணுகிப் பார்த்தால் பதவிக்கான நெருக்குதல் ஒருமுறை மட்டும் வந்ததல்ல, பல ஆண்டுகள் தொடர்ந்தது என்பது புலப்படும். அது இருக்கட்டும். அறுபத்தைந்து வயதில், ஆயிரக்கணக்கானோர் மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வரும் ஒரு மேதை, வெயிலில் கோலைப் பிடித்துக்கொண்டு செங்கல் அளக்கும் காட்சியை மனதில் கொண்டு வாருங்கள். வாஸித் பள்ளியின் கதவுகளைக்கூட எண்ண மாட்டேன் என்றவர்கள் அவர்கள்தாம். இங்கே ஏன் எண்ணினார்கள்? வயது அவர்களை மென்மையாக்கியதா, கொடுமையைத் தவிர்க்க விரும்பினார்களா, நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு செங்கல்லை எண்ணுவதால் யாருடைய கழுத்தும் அறுபடுவதில்லை. கௌரவமான வேலையை விட்டுக் கூலியாளின் வேலையை எடுத்துக்கொண்டதில் அவர்களுக்கு இழுக்கு எதுவும் தெரியவில்லை.

இறுதியில் சிறை. சிறையிலேயே வஃபாத்தானார்கள் என்று சிலரும், விடுவிக்கப்பட்டு வீட்டுக் காவலில் இருந்தபோது என்று வேறு சிலரும் எழுதியுள்ளனர். ஹிஜ்ரி 150-ல் பக்தாதில் உயிர் பிரிந்தது. கூட்டம் அடங்காததால் ஜனாஸாத் தொழுகை பலமுறை நடத்த வேண்டியதாயிற்று. கைஸுரான் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அப்பகுதி இன்று அவர்கள் பெயராலேயே அஃளமிய்யா என்று வழங்குகிறது.

இவ்வளவு உறுதியானவர் சாமானியத் தொழிலாளிக்கு எவ்வளவு கடுமையான சட்டம் சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தோன்றலாம். இங்கேதான் நாம் வியந்து நிற்க வேண்டியிருக்கிறது. இஸ்லாமிய ஆட்சியில் வாழும் கிறிஸ்தவரோ யூதரோ தம் மதுக்குடத்தைச் சுமந்து வர ஒரு முஸ்லிமைக் கூலிக்கு அமர்த்தினால், அந்தக் கூலி ஆகுமானதா? ஆகும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் அது வெறுக்கத்தக்கது என்று மாற்றுக் கருத்துக் கொண்டார்கள். மதுவைச் சுமப்பவரைச் சபிக்கும் நபிமொழி பாவத்தை நாடிச் சுமப்பவரைக் குறிக்கிறது என்று இமாமின் தரப்பில் விளக்கம் தரப்படுகிறது. குடிப்பது சுயவிருப்பமுள்ள வேறொருவரின் செயல், சுமையாள் செய்வது சுமப்பது மட்டுமே என்பது அவர்களின் வாதம். ஹிதாயா ஓதிய ஆலிம்களுக்கு இது தெரிந்த செய்திதான். இதைப் பிடித்துக்கொண்டு யாரும் மதுக்கடையில் போய் வேலை கேட்க வேண்டாம்! மற்ற இமாம்களின் நிலைப்பாடு கடுமையானது. மத்ஹபுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. நாம் சுட்ட விரும்புவது வேறு. ஆட்சியாளரின் முத்திரையைத் தொட மறுத்துக் கசையடி பட்டவர், வயிற்றுப் பாட்டுக்குக் குடம் சுமக்கும் ஏழையின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றவில்லை. தம்மீது எடுத்துக்கொண்ட கடுமை வேறு, மக்களுக்குச் சொன்ன சட்டம் வேறு.

நம் காலத்தில் இதை ஒத்த ஒரு விவகாரம் அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் விமான நிலையத்தில் எழுந்தது. அங்கு வாடகைக் கார் ஓட்டுநர்களில் பெரும்பான்மையோர் சோமாலியாவிலிருந்து குடியேறிய முஸ்லிம்கள். மதுப் புட்டி கையிலிருப்பது தெரிந்தால் சிலர் பயணிகளை ஏற்ற மறுத்தார்கள். பார்வையற்றோரை வழிநடத்தும் நாய்களை ஏற்ற மறுத்ததாகவும் புகார்கள் எழுந்தன. மார்க்க அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பயணி தம் பையில் வைத்திருப்பதற்கு ஓட்டுநர் பொறுப்பாக மாட்டார் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 2007-ல் விமான நிலைய நிர்வாகம், முதல் முறை மறுத்தால் 30 நாள் இடைநீக்கம், அடுத்த முறை மறுத்தால் இரண்டு ஆண்டுகள் உரிமம் ரத்து என விதித்தது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்விதிக்கு இடைக்காலத் தடை கேட்டவர்களுக்குக் கைகொடுக்கவில்லை.

அந்த ஓட்டுநர்களின் எண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. அந்நிய மண்ணில் வருமானத்தைப் பணயம் வைத்தவர்கள் அவர்கள். ஆனால் பார்வையற்ற ஒருவரை நடைபாதையில் நிற்க வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிச் சென்றதை, கப்பாபின் மறுப்போடும் அபூஹனீஃபாவின் மறுப்போடும் ஒரே வரிசையில் வைக்க நமக்கு மனம் வரவில்லை. கப்பாப் மறுத்தபோது இழந்தது கப்பாபின் கூலி. இமாம் மறுத்தபோது வீங்கியது இமாமின் உடல். இங்கே விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவர் எந்தத் தவறும் செய்யாத பயணி.

இனி இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் வரலாறு முழுமையாகாது. எல்லா நல்லோரும் மறுக்கவில்லை. ஏற்றவர்களும் இருந்தார்கள், அவர்களில் தலையாயவர் இமாமின் அன்பு மாணவர் அபூயூசுஃப் யஃகூப் (ரஹ்) அவர்கள். வறுமையில் பிறந்தவர். சிறுவராக இருந்தபோது தாயார் அவரை வண்ணார் ஒருவரிடம் வேலைக்கு விட்டிருந்தார். பையன் வேலையை விட்டு அபூஹனீஃபாவின் பாடத்துக்கு ஓடிவிடுவான். தாயார் வந்து இழுத்துச் செல்வார். ஒருநாள் பொறுக்க முடியாமல் இமாமிடமே சண்டைக்கு நின்றார். போம்மா, இவன் பிஸ்தா எண்ணெயில் செய்த பாலூதஜ் பலகாரம் உண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்றார்கள் இமாம். வயதாகி உமக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அந்த அம்மா திட்டிவிட்டுப் போனாராம். இமாம் தம் கடை வருமானத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு உதவி வந்தார்கள். பல்லாண்டுகளுக்குப் பின் கலீஃபா ஹாரூன் ரஷீதின் விருந்தில் அதே பலகாரம் முன்னே வைக்கப்பட்டபோது அபூயூசுஃப் சிரித்துவிட்டார். காரணம் கேட்ட கலீஃபாவிடம் இக்கதையைச் சொன்னார் என்று அறிவிக்கப்படுகிறது.

ஆசிரியர் எந்த ஆசனத்தை மறுத்துச் சிறை சென்றார்களோ அதில் மாணவர் அமர்ந்தார். இஸ்லாமிய வரலாற்றில் 'காஜில் குஜாத்', அதாவது தலைமைக் காஜி என்று அழைக்கப்பட்ட முதல் மனிதர் அவரே. கலீஃபா கேட்டதற்கிணங்க வரிவிதிப்பு பற்றிக் கிதாபுல் கராஜ் எழுதினார். குடியானவனை வருத்தி வரி பிடுங்கக் கூடாது என்று அதில் கலீஃபாவுக்கே அறிவுரை கூறினார். ஹனஃபி மத்ஹப் உலகின் பல பகுதிகளுக்குப் பரவியதில் அவர் நியமித்த காஜிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆசிரியருக்கு அவர் துரோகம் செய்தாரா? உம்மத்தின் அறிஞர்கள் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைத் தாமாகவே கேட்டுப் பெற்றதைக் குர்ஆன் குறையாகச் சொல்லவில்லையே. முத்திரையைத் தொட மறுப்பவர் ஒருவர் வேண்டும். அதே முத்திரையை நீதிக்காகப் பிடித்திருக்கத் துணிபவர் ஒருவரும் வேண்டும். இரண்டில் எது கடினம் என்று நம்மால் தீர்மானிக்க முடியவில்லை.

ஹிஜ்ரி 182-ல் அபூயூசுஃப் மரணப் படுக்கையில் இருந்தார்கள். யா அல்லாஹ், வழக்காடிகளில் எவர் பக்கமும் என் உள்ளம்கூடச் சாயவில்லை என்பதை நீ அறிவாய், ஒரே ஒரு வழக்கைத் தவிர என்று அவர்கள் இறைஞ்சியதாக ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. கிறிஸ்தவர் ஒருவருக்கும் ஹாரூன் ரஷீதுக்கும் இடையே நடந்த வழக்கு அது. கலீஃபா அமர்ந்த இடத்துக்குச் சமமாக அந்த மனிதரை அமர்த்த அன்று அவர்களால் முடியவில்லை. தீர்ப்பை கலீஃபாவுக்கு எதிராகவே வழங்கினார்கள். ஆயினும் அந்த இருக்கையை நினைத்து அழுதார்கள்.